ஊருக்கு ஊர் வேறு பியானோ

நம் பள்ளியில் இரண்டு பியானோக்கள் இருந்தன. இசை அறையில் சுவரோடு ஒட்டி நின்றது பழைய அப்ரைட், அதாவது கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் பியானோ; மண்டபத்தில் கம்பிகள் படுக்கையாக உள்ள ஒரு சின்ன கிராண்ட். அறையில் சரியாக வாசித்ததை, உடனே மண்டபத்துக்குப் போய் இன்னொரு முறை வாசிக்கச் சொல்வார் இசை டீச்சர். அதே பாடம், அதே விரல்கள். ஆனால் கட்டையின் பாரம் வேறு, பெடல் பிடிக்கும் இடம் வேறு. அப்போது அது நமக்குத் தண்டனையாகத் தெரிந்தது. கச்சேரிப் பியானோக் கலைஞரின் தொழில் முழுவதும் அந்த ஒரு பயிற்சியின் மேல்தான் நிற்கிறது.

வயலின்காரர் தன் வயலினைக் கையோடு கொண்டுபோகலாம். ஸ்டெயின்வே என்னும் நிறுவனத்தின் டி மாடல் கச்சேரிப் பியானோவோ 274 செ.மீ. நீளம், ஏறக்குறைய 480 கிலோ. ஹொரோவிட்ஸ், கிறிஸ்டியன் ஸிமெர்மன் போன்ற மிகச் சில பியானோக் கலைஞர்களே சொந்தப் பியானோவோடு ஊர் ஊராகப் போனவர்கள். மற்றவர்கள் மண்டபத்தில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். பழகிப் பார்க்க இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதுவே தாராளம்.

அனுபவப்பட்டவர்கள் அந்த நேரத்தில் பெரிய உருப்படிகளை முழக்கிப் பார்ப்பதில்லை. முதலில் ஆசனத்தின் உயரம். அடுத்து, நடு ஸ்தாயியில் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து மிக மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். கட்டை சுமார் 10 மி.மீ. கீழே இறங்கும், அடிமட்டத்தைத் தொடுவதற்குச் சற்று முன் விரலுக்குச் சின்னத் தடை ஒன்று தட்டுப்படும். கட்டையை அழுத்தும்போது எழுந்து கம்பியை அடிக்கும் சின்னச் சுத்தியல், உந்துதலிலிருந்து விடுபட்டுத் தானாகக் கம்பியை நோக்கிப் பாயும் இடம் அது. மென்மையான வாசிப்பின் உயிர் அங்கேதான். அந்த இடம் கட்டைக்குக் கட்டை மாறுபட்டால், மெதுவாக வாசிக்கும்போது சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களில் ஒன்று பேசாமலே போய்விடும்.

பிறகு வலது பெடல்: எவ்வளவு அழுத்தினால், ஒலியை அடக்கும் தணிப்பான்கள் கம்பியை விட்டு எழுகின்றன என்பதைக் கால் தெரிந்துகொள்ள வேண்டும். இடது பெடலை மிதித்தால் கட்டை வரிசை முழுவதும் வலப்பக்கம் கொஞ்சம் நகரும்; மூன்று கம்பி உள்ள ஸ்வரத்தில் சுத்தியல் இரண்டை மட்டும் தொடும். அதோடு, சுத்தியலைப் போர்த்திய ஃபெல்ட் என்னும் கம்பளியில், கம்பி பதிந்து இறுகாத பகுதி கம்பியில் படுவதால் ஒலியின் நிறமே மாறும். கடைசியாக வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். காலி மண்டபம் நன்றாக எதிரொலிக்கும். இரவில் ஆட்கள் நிறைந்ததும் உடம்பும் உடையும் ஒலியைக் குடித்துவிடும். மத்தியானம் போதுமாக இருந்த பெடல் இரவில் வறண்டு கேட்பது அதனால்தான்.

பியானோவுக்கு ஸ்ருதி சேர்க்கும் டியூனரிடம் பேசுவதும் ஒரு கலை. "சத்தம் சரியில்லை" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஸ்வரம், எப்படி என்று சொல்ல வேண்டும். கூர்மையாகக் குத்தும் ஸ்வரத்தின் சுத்தியல் ஃபெல்ட்டில் ஊசி குத்தி இளக்குவார். அது சில நிமிட வேலை. இளகிவிட்டதை மறுபடி இறுக்குவது அவ்வளவு சுலபமல்ல. ஆகவே கச்சேரி நாளில் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு மேல் கை வைக்கச் சொல்லாதிருப்பதே நல்லது.

அடுத்த பயம் மறதி. இசைத்தாள் இல்லாமல் மேடையேறும் வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியவர்களில் பியானோக் கலைஞர்கள் கிளாரா ஷூமானும் லிஸ்ட்டும் முக்கியமானவர்கள். மறதி பெரும்பாலும் கடினமான இடத்தில் வருவதில்லை, ஒரே மாதிரி இரண்டு தடவை வரும் இடத்தில் வருகிறது. பள்ளியில் நாம் எல்லோரும் வாசித்த, மோட்சார்ட்டின் கே. 545 என்ற பட்டியல் எண் கொண்ட பியானோ சொனாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி சி மேஜர் என்னும் ஸ்ருதியில் தொடங்குகிறது. அதே மெட்டு திரும்பி வரும்போது எஃப் மேஜரில் வருகிறது. அதன் பின்வரும் இணைப்பை விரல்கள் பழைய வழியிலேயே கொண்டுபோனால், போய்ச் சேர வேண்டிய ஸ்ருதிக்குப் போக மாட்டோம். விரல் ஞாபகத்தை மட்டும் நம்பியவர் அங்கே சிக்கிக்கொள்வார். இதற்கு மருந்து, உருப்படிக்குள் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் குறித்து, முன்னோட்டம் இல்லாமல் அங்கிருந்து நேராகத் தொடங்கிப் பழகுவது. கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்குப் பின்னோக்கி வந்தால் இன்னும் பலன்.

புதுப் பியானோவோடு பழகுவது, மறக்காமல் வாசிப்பது ஆகிய இந்த இரண்டும் கைவந்தவருக்கே திடீர் அழைப்பு பயன்படும். 1963-இல் கிளென் கோல்டு வர முடியாதபோது, 16 வயது ஆந்த்ரே வாட்ஸ் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன், பியானோவும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் லிஸ்ட்டின் முதல் கான்செர்ட்டோவை வாசித்தார். 1999-இல் அதே வாட்ஸ் வர முடியாதபோது, அவர் இடத்தில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுடன் சாய்கோவ்ஸ்கியின் கான்செர்ட்டோவை வாசித்தவர் 17 வயது லாங் லாங். இரண்டு பேருக்கும் அந்த உருப்படி ஏற்கெனவே விரலில் இருந்தது.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. பியானோக் கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960-களின் நடுவில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கத் தொடங்கின. டிஸ்டோனியா என்னும் இக்கோளாறு பெரும்பாலும் வலியில்லாமலே வருவதால், உழைப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகம் பயிற்சி செய்து கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஃப்ளைஷர் இடது கைக்கான உருப்படிகளுக்கு மாறினார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோக் கலைஞர் பவுல் விட்கென்ஸ்டைனுக்காக இசையமைப்பாளர் ரவேல் எழுதிய கான்செர்ட்டோவும் அவற்றில் ஒன்று. 1990-களில் சிகிச்சைக்குப் பின் இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார். இடைப்பட்ட அத்தனை வருடமும் பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். வலது கையால் வாசித்துக் காட்ட முடியாததை எல்லாம் சொல்லாலேயே மாணவரின் விரலுக்குக் கொண்டுபோனார்.