பெரியப்பா மற்றும் பலர், 2014

போன மாதம் அக்கா சத்துவாச்சாரிக்கு வந்திருந்தாள். பெரியம்மா மகள், வெளியூரில் புற்றுநோய் ஆய்வில் இருக்கிறாள். பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டுமாம். இதுவரை வந்த கட்டுரைகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு, எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பதால், "நீதான்டா பார்த்துக் குடுக்கணும்" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன், மூன்று நாள் இழுத்துவிட்டது. எல்லாம் இந்த இனிஷியலால்.

நம் வீடுகளில் குடும்பப் பெயர் ஏது? ஆரம்பத்தில் எழுதிய கட்டுரைகளில் இனிஷியலும் அவள் பெயரும் இருக்கின்றன. பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பா பெயர் சர்நேம் ஆகிவிட்டது, அப்புறம் வந்த கட்டுரைகளில் பெரியப்பா பெயர் முழுசாக நிற்க, எழுதியவள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டாள். ஆக, காட்பாடியில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியப்பாவைத்தான் எங்கெங்கோ இருக்கும் விஞ்ஞானிகள் "இன்னார் மற்றும் பலர், 2014" என்று மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு, அதே பெயருள்ள யாரோ ஒருவர் கான்கிரீட் பற்றி எழுதியவற்றை ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளம் அக்கா கணக்கில் சேர்த்து வைத்திருந்தது. அதை நீக்கினால் ஹெச் இண்டெக்ஸில் இரண்டு குறையும் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள், அப்புறம் "எடுத்துடு" என்றாள்.

ஹெச் இண்டெக்ஸ் என்பது 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. ஒருவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 20. ஒரே கட்டுரையை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் இந்தக் கணக்கில் அது ஒன்றுதான்.

பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா, "இன்னாடி, இதுல உன் பேரு நாலாவதா இருக்குது?" என்றாள். முதல் பெயர் வேலையை இழுத்துச் செய்தவருடையது, கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுத் தலைவருடையது, நடுவில் இருப்பவர்கள் மற்றவர்கள் என்று அக்கா விளக்கினாள். கல்யாணப் பத்திரிகையில் யார் பேரை எங்கே போடுவது என்று சண்டை வருமே அது மாதிரியா என்று பெரியம்மா கேட்டதும் அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அச்சு அசல் அதேதானாம்.

இதழுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு, இம்பாக்ட் ஃபாக்டர். அதில் வரும் கட்டுரை ஒன்றைச் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் இதழ் ஒன்றுக்கு அது பல வருடம் 200-ஐத் தாண்டி நின்றிருக்கிறது. பெரிய காரணம், வருடா வருடம் அதில் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை. புற்றுநோய் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதல் பத்தியிலேயே அதைக் காட்டிவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

எனக்கு இந்த எண்களோடு சண்டை இல்லை, எதை எண்ணுகிறோம் என்பதோடுதான். வேலூர் சிஎம்சியில் 1998 முதல் 2004 வரை, ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோய் வந்த 72 பேருக்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நம் சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்கிறார்களே, வேதியியலில் அதுதான். சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது, 2006-ல் பிளட் இதழில் வெளியானது. பட்டியலில் அது ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக அத்தனை பேரையும் வருடக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்திருக்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தார்களே, 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, பரிசோதனை நடந்த பகுதிகளில் அந்தப் புற்றுநோயால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்தது. அதுவும் ஒரு வரிதான். புள்ளிவிவரத்தைத் தொகுத்து எழுதியதும் ஒரு வரிதான்.

அக்காவின் பட்டியலில் ஒன்பதே மேற்கோள் பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்ட நோயாளிகளை ஃபோனில் தேடிப் பிடித்து எழுதியது, அதற்கே நான்கு வருடம் ஆனதாம். "இதை மேலே போடட்டுமா?" என்றேன். மேற்கோள் வரிசையில்தான் கேட்டிருக்கிறார்கள் என்றாள். சரி என்று கீழேயே விட்டேன்.

கடைசியில் ஆர்கிட் எண் ஒன்று எடுத்துக் கொடுத்தேன், 16 இலக்கம், பெயர் எப்படி மாறினாலும் ஆளை அது காட்டிக்கொடுக்கும். இரண்டு பழைய கட்டுரைகள் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. இதழ்க்காரர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். பெரியப்பா தன் பெயர் இருக்கும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.