மாவு மில்லில் ஓடிய கர்லிங் மேட்ச்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச் மாதத்தில் மாவு மில்லில் கரண்ட் போனால் யாரும் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். ஊறின அரிசியைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் எங்கே போவது? அப்படியொரு மத்தியானம் மில்காரர் மகன் செல்போனைத் தராசின்மேல் சாய்த்துவைத்து, பெண்கள் உலகக் கர்லிங் போட்டியின் பழைய ஆட்டம் ஒன்றை ஓடவிட்டான். ஐஸ்மேல் கனமான கல்லைச் சறுக்கவிட்டு மறுகோடியில் இருக்கும் வட்டத்துக்குள் நிறுத்துகிற ஆட்டம் அது; கல்லுக்கு முன்னால் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். வாளியோடு வந்த அக்கா, கிரைண்டர் கல் கொத்த வந்த அண்ணன், லாட்டரி விற்கிற சேட்டன் மூவரும் உடனே நிபுணர் குழுவாகிவிட்டார்கள்.

"ஏங்கண்ணு, இந்தப் புள்ளைங்க எதுக்கு இப்பிடி உயிரைக் குடுத்துக் கூட்டுதுங்க? அங்க ஒரு தூசு தும்பு காணோமே?"

நியாயமான கேள்வி. கர்லிங் ஐஸ் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்காது. ஆட்டத்துக்கு முன் ஒருவர் தண்ணீர்க் கேனை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து பொடித் துளிகளாகத் தெளித்துக்கொண்டே போவார். விழுந்த துளி அப்படியே உறைந்து குட்டி மேடாகும். அதற்குப் பெயர் பெபிள். பிறகு பிளேடு வைத்து அந்த மேடுகளின் உச்சியை மட்டும் சீவி ஒரே மட்டமாக்குவார்கள். கல் ஓடுவது இந்த மேடுகளின்மேல்தான். பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தால் ஐஸ் லேசாகச் சூடேறி உராய்வு குறையும்; கல் சில மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவதும் குறையும். கொஞ்சம் மெதுவாக வந்த கல்லைத் தேய்த்துத் தேய்த்து ஊர் சேர்த்துவிடலாம். வேகமாக வந்ததை நிறுத்த ஒரு பிரஷ்ஷாலும் முடியாது.

அக்கா சொன்னதும் முழுத்தப்பு இல்லை. துணியிலிருந்து விழுந்த ஒரு நூல், ஒரு முடி கல்லுக்கு அடியில் சிக்கினால் போதும், நேராக வந்த கல் திடீரென்று வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அழுத்தித் தேய்க்க வேண்டாத நேரத்திலும் கல்லுக்கு முன்னால் லேசாகத் துடைத்துக்கொண்டே போவது அதனால்தான்.

கொத்துற அண்ணனுக்குப் பிரஷ் முக்கியமில்லை. "கல்லு எந்த ஊருது?" என்றார். ஸ்காட்லாந்துக் கடலில் இருக்கும் ஐல்சா கிரெய்க் தீவின் கிரானைட் இந்த ஆட்டத்தில் பேர்போனது. வேல்ஸின் டிரெஃபோர் குவாரியிலிருந்தும் வரும். எடை அதிகபட்சம் 19.96 கிலோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கல்தான். ஆனால் யாரும் தூக்கி எறிவதில்லை. ஹேக் என்கிற ரப்பர் மிதியில் கால் ஊன்றி உந்தி, வழுக்கும் அடி போட்ட இன்னொரு ஷூவில் சறுக்கிக்கொண்டே போய், ஹாக் லைன் என்கிற எல்லைக் கோட்டுக்கு முன் கைப்பிடியை லேசாகத் திருப்பிக் கையை எடுத்துவிட வேண்டும். பெரிய போட்டிகளில் கைப்பிடிக்குள் சென்சார் உண்டு. கோட்டைத் தாண்டியும் கை ஒட்டியிருந்தால் சிவப்பு விளக்கு மின்னும், கல் வெளியே.

கல்லின் அடிப்பாகம் குழிவு. சில மில்லிமீட்டர் அகல வளையம் மட்டும்தான் ஐஸைத் தொடும். ஓடி ஓடி அந்த வளையம் மழுங்கிப்போனால் கல் வளையாமல் நேரே போக ஆரம்பிக்கும். அப்போது ஐஸ் பராமரிப்பவர்கள் உப்புத்தாள் வைத்துச் சொரசொரப்பு ஏற்றுவார்கள்.

இதைக் கேட்டதும் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்பிடிச் சொல்லு! கொத்தாத கிரைண்டர் கல்லுல மாவு அரைபடாதுல்ல, அதே சமாச்சாரம்." கூலி எவ்வளவு தருவார்கள் என்று கேட்டதற்கு மட்டும் பையனிடம் பதில் இல்லை.

லாட்டரிச் சேட்டன் வேறு கவலையில் இருந்தார். "எத்ர கோளாயி மோனே?"

கோல் கிடையாது. அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரண்டு பக்கமும் சேர்த்து 16 கல் போனால் ஒரு எண்ட். அப்படி 10 எண்ட். வட்டத்தின் நடுவான பட்டனுக்குப் பக்கத்தில் எவர் கல் நிற்கிறதோ அவருக்கு மட்டுமே பாயிண்ட். எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை. மற்றவர்களுக்குச் சைபர். கடைசிக் கல் வீசும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். பாயிண்ட் எடுத்தவர்கள் அதை அடுத்த எண்டில் எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

கலவரம் இங்கேதான் வெடித்தது. ஸ்கோர் சமம், ஒன்பதாவது எண்ட், வட்டம் காலி, ஹேமர் சிவப்பு அணியிடம். மெதுவாக உள்ளே நிறுத்தினால் ஒரு பாயிண்ட் நிச்சயம். அந்தப் பெண்ணோ கல்லை வேகமாக விட்டு, வட்டத்தைக் கடந்து பின்பக்கமாக வெளியே போக வைத்தாள்.

"அடிப்பாவி!" என்றார் அக்கா. சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் செய்தது சரி. அங்கே ஒன்றை எடுத்திருந்தால் பத்தாவதில் ஹேமர் எதிரணியான மஞ்சளுக்குப் போயிருக்கும். அவர்கள் இரண்டு எடுத்தால் கதை முடிந்தது. யாரும் எடுக்காத எண்டில் ஹேமர் இடம் மாறாது. "கையில இருக்கற ஒண்ணை வேண்டாம்னு விடறதாக்கும் புத்திசாலித்தனம்?" என்று அக்கா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆடுகிறவர்கள் கத்துவதைப் பற்றியும் புகார் வந்தது. மெதுவாக விட்ட கல் மறுகோடி போய்ச்சேர ஏறக்குறைய 25 விநாடி ஆகும். கல் எப்படி வளைகிறது என்பது வட்டத்தில் நிற்கும் ஸ்கிப்புக்கு, அதாவது அணித் தலைவிக்குத்தான் தெரியும், வேகம் பக்கத்தில் ஓடும் தேய்ப்பாளிகளுக்குத்தான் தெரியும். பிறகு கத்தாமல் என்ன செய்வார்கள்? 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் தென்கொரிய ஸ்கிப் கிம் உன்-ஜுங், "யோங்-மி!" என்று தோழி பெயரைக் கூவிய கூவலில் நாடே அந்தப் பெயரைக் கூவியது. வெள்ளியும் வாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊர் உய்சாங், பூண்டுக்குப் பேர்போனது.

"பூண்டு கிலோ என்ன வெலையாம்?" என்றார் அக்கா.

பத்தாவது எண்டின் நடுவில் தேய்த்துக்கொண்டு வந்த மஞ்சள் அணிப் பெண்ணின் பிரஷ் கல்லில் பட்டுவிட்டது. பட்டது கேமராவிலும் சரியாகத் தெரியவில்லை. அவளே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டாள், கல்லை எடுத்துவிட்டார்கள். பட்டதைப் பட்டவரே சொல்வதுதான் இந்த ஆட்டத்தின் பழைய வழக்கம்.

சேட்டனுக்கு இது தாங்கவில்லை. "ஆரும் கண்டில்லல்லோ! பின்னெ எந்தினா பறஞ்ஞது?" என்று டிக்கெட் கட்டை ஆட்டி ஆட்டிப் போனிடமே கேட்டார். கடைசியில் சிவப்புக்கு ஒரு பாயிண்டில் வெற்றி.

"பாத்தீங்களா, அந்த ஒண்ணை அப்பவே எடுத்திருக்கலாம்" என்றார் அக்கா.