கெல்லருக்கு வந்த ஃப்ளூ: ஒத்திகைக் குறிப்புகள்

ஜூலை 6, 2025, ஞாயிறு. புதுச்சேரி, முத்தியால்பேட்டை மொட்டைமாடி

மூன்று நாடகம், மூன்று காட்சி, மொத்தம் நாற்பது நிமிடம். மூன்றிலும் வீட்டு ஆம்பளைதான் துரோகி. முதலில் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ (1947), இரண்டாம் அங்கம். போர் விமான எஞ்சினுக்கான, விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட்டை வெல்டு வைத்து மறைத்து அனுப்பு என்று போனில் சொன்னவர் ஃபாக்டரி முதலாளி கெல்லர். 21 விமானிகள் செத்தார்கள். ஜெயிலில் கிடப்பது கூட்டாளி. நம் நடிகர் முதல் வரியிலேயே குற்றவாளி முகத்தோடு வருகிறார். அப்புறம் கூட்டாளியின் மகன் ஜார்ஜ் எதைக் கண்டுபிடிப்பான்?

ஜூலை 8, செவ்வாய்

ஜார்ஜ் சண்டைக்கு வந்தவன், கெல்லரின் மனைவி கேட்டின் உபசரிப்பில் இளகி, சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்கிற கட்டம். “பதினஞ்சு வருஷமா இவரு ஒரு நாள் படுத்ததில்ல” என்று பெருமையடிக்கிறாள் கேட். ஹெட்டை அனுப்பிய அன்றைக்கு ஃப்ளூவில் படுத்திருந்தேன் என்ற பொய்யில்தான் கெல்லர் வழக்கிலிருந்தே தப்பினார்!

கேட் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். நின்று, சபையைப் பார்த்துச் சொன்னால் வரி செத்தது. “யுத்த சமயத்துல வந்த ஃப்ளூவைத் தவிர” என்று கெல்லர் மூச்சு விடாமல் சேர்க்க வேண்டும். அந்த அவசரம்தான் காட்டிக்கொடுக்கிறது. மௌனம் ஜார்ஜுடையது: மனசுக்குள் நாலு எண்ணிக்கை, விரல்கூட அசையக்கூடாது. ஆறு வைத்துப் பார்த்தோம், வசனம் மறந்தவன் மாதிரி இருந்தது. பிரதியில் முதலில் ‘நோய்வாய்ப்பட்டதில்லை’ என்றிருந்தது. எந்த வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? அடித்தாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ (1949). சேல்ஸ்மேன் வில்லியின் துரோகம் முழுக்க ஸ்டாக்கிங்கில் (பெண்கள் போடும் நீளக் காலுறை) இருக்கிறது. வீட்டில் மனைவி லிண்டா அதன் கிழிசல் தைக்கிறாள். ஓட்டல் அறையில் இன்னொருத்தி, மகன் பிஃப் கண்ணெதிரே, தனக்குத் தருவதாகச் சொன்ன இரண்டு பெட்டி ஸ்டாக்கிங்கைக் கேட்கிறாள். ஸ்கூல் சாக்ஸை வைத்து ஒப்பேற்ற முடியாது, மெல்லிய நைலான்தான் வேண்டும். மஞ்சள் விளக்கில் மூன்றாவது வரிசைக்கே அது தெரியவில்லை. லிண்டா அதை விளக்குக்கு நேரே தூக்கி இழை பார்க்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் நைலான் கிடைத்தது.

மாலை, இப்சனின் ‘எ டால்ஸ் ஹவுஸ்’ (1879). நோரா கள்ளக் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரம் திரும்பி வந்ததும் அவள் கணவன் டோர்வால்டு வாயில் முதலில் வருவது “நான் தப்பிச்சேன்”. நோரா “நான்?” என்று கேட்ட பிறகுதான் “நீயும்தான்”. நடிகர் நல்ல மனுஷர். நாலு தடவையும் “தப்பிச்சோம்” என்றே வாயில் வருகிறது. பிரதியில் ‘ச்சேன்’ மேல் சிவப்பு மை. நாளைக்கு இந்தப் பக்கம் மட்டும்.