தலையாட்டல் பதில் ஆகாது

நான் நர்ஸ் வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஓர் இரவு மட்டும் அடிக்கடி நினைவுக்கு வரும். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

இரவு டூட்டி. அடுத்தடுத்த படுக்கைகளில் இரண்டு பெரியவர்கள். இருவருடைய பெயரும் ஒன்றுபோலவே ஒலிக்கும், கடைசி எழுத்துகள்தான் வேறு. ஒருவருக்கு இரவில் இன்சுலின் போட வேண்டும். இன்னொருவருக்குச் சர்க்கரையே கிடையாது, நிமோனியாவுக்காகச் சேர்ந்தவர். சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டு போனேன். விளக்கு மங்கலாக இருந்தது. பெயரைச் சொல்லி, "நீங்கதானே ஐயா?" என்றேன். அவர் தலையாட்டினார். ஊசி போடும் இடத்தைத் துடைத்தும் ஆயிற்று. கையைத் திருப்பும்போதுதான் மணிக்கட்டில் இருந்த அடையாளப் பட்டை கண்ணில் பட்டது. வேறு எண்.

சர்க்கரை இல்லாதவருக்கு இன்சுலின் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வியர்க்கும், படபடக்கும், நினைவு தப்பும், உயிரே போகலாம். அதுவும் நடு இரவில் கண்மூடிக் கிடப்பவரைப் பார்த்தால் தூங்குகிறார் என்றுதான் நினைப்போம்.

அவர் ஏன் தலையாட்டினார்? பாதித் தூக்கம், காதும் கொஞ்சம் மந்தம். வெள்ளை உடுப்பில் ஒருத்தி வந்து கேட்டால் ஆமாம் என்பதுதானே வழக்கம். அவர்மேல் தப்பே இல்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. "நீங்கதானே?" என்று கேட்டால் விடையை நாமே கொடுத்துவிடுகிறோம். "உங்க பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்க" என்று கேட்டால் அவர் வாயைத் திறந்தாக வேண்டும். அதைப் பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிட்டுவிடலாம்.

காலையில் தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் திட்டவில்லை. "உட்காரு. எதனால இப்படி ஆச்சு, ஒண்ணொண்ணா சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். அன்றைக்கே ஒரு பெரியவரை வேறு அறைக்கு மாற்றினார்கள். ஒத்த பெயர் உள்ளவர்களின் கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் வந்தது. பல்பும் மாறியது. அவர் அன்று எல்லார் முன்னாலும் என்னைக் கடிந்திருந்தால், அடுத்த முறை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்த வார்டில் வேறு யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருத்துவமனையின் தரம் என்றால் சோதனைக்கு ஆள் வரும் நாளில் ஃபைல்களை அடுக்கி வைப்பது என்று பல இடங்களில் ஆகிவிட்டது. அது எனக்கு மிகவும் வருத்தம். "கவனமா இரு" என்று ஆயிரம் தடவை சொல்வதாலும் பெரிதாக எதுவும் மாறாது. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சாதாரண வார்டு அலமாரியில் அதை வைக்கவே கூடாது என்று எடுத்துவிட்டால், களைத்துப்போன நர்ஸின் கை தவறி அதன்மேல் போகவே வழியில்லை. இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்கு ஆங்கில ‘யு’ மட்டும் போட்டால், அது பூஜ்யம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். முழு வார்த்தையாக எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

அப்புறம், ஆபரேஷன் தியேட்டர். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களில், எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7-ஆகவும் குறைந்திருந்தன. அதில் எனக்குப் பிடித்த அம்சம், கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. முதலில் நேரத்தை வீணாக்குகிறார்களே என்று நினைத்தேன். தியேட்டரில் சில மாதம் இருந்த பிறகு புரிந்தது. ஒரு முறை வாயைத் திறந்து பேசிவிட்ட புதுப் பெண்ணுக்கு, "டாக்டர், உள்ளே வச்ச பஞ்சுல ஒண்ணு கணக்கில் குறையுது" என்று சொல்லும் தைரியம் வந்துவிடுகிறது.

இப்போது எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருக்கிறார். முதல் இரண்டு நாள், "தினமும் என் பேரையே கேக்குறியே, மறந்துட்டியாம்மா?" என்று கோபித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரவைப் பற்றிச் சொன்னேன். நேற்று மாத்திரைத் தட்டோடு போய் நின்றபோது, இன்னொரு படுக்கையிலிருந்து யாரோ கூப்பிட, திரும்பிப் பதில் சொல்லிவிட்டு மாத்திரையை நீட்டினேன். பாட்டி வாங்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "இன்னும் நீ பேர் கேக்கலையே" என்றார்.