இன்டர்வியூ முடிஞ்சாச்சு, இனி தேங்க்யூ மெயில்

நம்ம ஊர்ல இன்ஜினியரிங் காலேஜ் சீட்டுன்னா கட்ஆஃப்தான். மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு எவ்வளவுன்னு பாத்து கவுன்சிலிங்ல விட்டுருவாங்க, ஒருத்தரும் பிள்ளைய உக்கார வச்சு பேசப்போறது இல்ல. அதனால குலசேகரத்துல இருக்கற எங்க அக்கா மவ அமெரிக்கா காலேஜ் ஒண்ணுக்கு அப்ளை பண்ணி, அங்க படிச்சுட்டு இப்போ பெங்களூர்ல வேலை பாக்கற ஒரு சார் வீடியோ கால்ல அவள இன்டர்வியூ எடுத்து முடிச்சதும், அடுத்து என்ன செய்யணும்னு வீட்ல ஒருத்தருக்கும் புடிபடல. "ஏலே, அந்த சாருக்கு கொஞ்சம் முந்திரிக்கொத்து செஞ்சு கூரியர்ல போட்டு விடட்டா?"ன்னு அக்கா எனக்கு போன் போடுதா.

வேண்டவே வேண்டாம்னேன். இந்த மாதிரி இன்டர்வியூ எடுக்கறவங்க நிறைய பேரு அந்தந்த காலேஜ்ல படிச்ச பழைய ஸ்டூடண்ட்ஸ், சம்பளம் இல்லாம செய்யிதாங்க, அமெரிக்காவுல உள்ள எம்ஐடியில அவங்களுக்கு எஜுகேஷனல் கவுன்சிலர்னு பேரு. பேசினத ரிப்போர்ட்டா எழுதி அனுப்புவாங்க, முடிவு எடுக்கறது அட்மிஷன் ஆபீஸ். மெயில் போட்டதால சீட்டு வராது, போடலைன்னு போவவும் செய்யாது. ஆனா நமக்காக லீவு நாள்ல உக்காந்து பேசின மனுசனுக்கு ஒரு நன்றி சொல்லாம இருந்தா நல்லா இருக்காதுல்லா.

அவ எழுதிக் காட்டின மொத டிராஃப்ட் அப்படியே ஸ்கூல் லீவ் லெட்டர், ரெஸ்பெக்டட் சார்ல தொடங்கி யுவர்ஸ் ஒபீடியன்ட்லில முடியுது, காய்ச்சல் மட்டும்தான் இல்ல. ரெண்டாவது சாட்ஜிபிடி போட்டது, இங்கிலீஷ் வழவழன்னு இருக்கு, ஆனா பேர மாத்திட்டு பஞ்சாப்ல உள்ள பையனும் அதையே அனுப்பலாம்.

"பிள்ளே, அவரு எதப்பத்தி ரொம்ப நேரம் பேசினாரு?"ன்னு கேட்டேன். ரப்பர பத்தின்னு சொன்னா. அத்தான் ரப்பர் மரத்துல பால்வெட்டுக்கு போறவரு, விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்ட கட்டிட்டு கெளம்பிருவாரு, வெயில் ஏறினா பால் வடியறது குறைஞ்சிரும் பாத்துக்கிடுங்க. இவளும் லீவு நாள்ல கூட போயி சிரட்டையில உள்ள பால வாளியில சேத்து, ஆசிட் ஊத்தி தட்டுல உறைய வச்சு, மறுநாள் ரோலர்ல விட்டு ஷீட் அடிக்கறத எல்லாம் அவருகிட்ட சொல்லியிருக்கா. ஆசிட் ஊத்தினா ஏன் உறையுதுன்னு அவரு கேட்டிருக்காரு, இவ பாதி சொல்லும்போதே பேச்சு வேற எங்கயோ போயிருச்சு.

இத விட்டா வேற என்ன எழுத? பால்ல இருக்கற ரப்பர் துளி ஒவ்வொண்ணையும் சுத்தி புரோட்டீன் இருக்கு, அதுல நெகட்டிவ் சார்ஜ், அதனாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம விலகி நிக்குது, ஃபார்மிக் ஆசிட் விழுந்ததும் அந்த சார்ஜ் போயி எல்லாம் சேந்து கட்டியாயிருது. மீதி பதில ரெண்டு வரியில எழுதுன்னேன், அதுக்கு முன்னாடி ஒரு தேங்க்யூ, அவ்வளவுதான் மெயில்.

மத்ததெல்லாம் சில்லறை விஷயம். இன்டர்வியூ முடிஞ்சு ஒரு நாளைக்குள்ள அனுப்பிரணும், சப்ஜெக்ட்ல பேரும் தேதியும் போதும், மார்க் ஷீட்ட எல்லாம் கூட சேத்து அனுப்பாதீங்க. பிரவுசிங் சென்டர்க்காரன் ஸ்காலர்ஷிப்புக்கு உண்டாக்கி குடுத்த மெயில் ஐடிய விட்டுட்டு சொந்த பேர்ல ஒண்ணு தொடங்குங்க. ரிப்ளை வரலைன்னா மறுபடி மறுபடி கேட்டு அனுப்பாதீங்க, நிறைய பேரு போடமாட்டாங்க.

இவளுக்கு வந்துச்சு. அப்போ மழைக்காலத்துல என்ன செய்வீங்கன்னு கேட்டிருக்காரு, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலதான் தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டே. வெட்டுக்கு மேல மரத்த சுத்தி பிளாஸ்டிக் கட்டுவோம்னு எழுதி, அத்தான் கட்டின மரத்த ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பப்போறாளாம்.