சூலூர் ‘ஹம்சா’: ஒரு டிரங்குப் பெட்டியைப் பிரித்த கதை

குன்னூரில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைச் சென்ற மார்ச் மாதம் இறக்கியபோது, அதிலிருந்த கறுப்புத் தாள் ஆல்பத்தை ஸ்கேன் செய்து உறவினர்களுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். பெரியப்பா கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்தவர். ஆல்பத்தில் 64 படங்கள் இருந்தன. அவற்றுள் முக்கால்வாசியின் பின்புறத்தில் ‘ஹம்சா’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு குறிப்பில்லை. ஐ.என்.எஸ். ஹம்சா என்றால் கோவாவின் டபோலிமிலுள்ள இந்தியக் கடற்படை விமானத்தளம் என்பது எல்லோரும் அறிந்தது. நானும் அத்தனைக் கோப்புகளுக்கும் ‘கோவா’ என்று பெயரிட்டு, ஒரு மாத வேலையைத் தவறான பெயரில் சேமித்து வைத்தேன்.

தவறு தெரிய வந்தது தற்செயலாகத்தான். 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் செய்த ஸ்கேன் பெரிதாக்கினால் மங்கியதால், சிறிய படங்களை மட்டும் 1200-இல் மறுபடி செய்தேன். நான்கு இளைஞர்கள் தோள்மேல் கைபோட்டு நிற்கும் ஒரு படத்தில், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பேருந்தின் பலகையில் ‘சூலூர்’ என்ற தமிழ் எழுத்துகள் அப்போதுதான் புலப்பட்டன.

அதன்பின் தேடிப் படித்ததில் விஷயம் விளங்கிற்று. ஐ.என்.எஸ். ஹம்சா 1961 செப்டம்பர் 5 அன்று கோவைக்குக் கிழக்கேயுள்ள சூலூரில்தான் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் பணியில் சேர்க்கப்பட்ட விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் ஜெட் விமானங்களுக்குக் கரையில் ஒரு தளம் தேவைப்பட்டிருந்தது. டிசம்பரில் கோவா விடுதலை பெற்றதும் டபோலிம் விமானத்தளம் கடற்படைக்குக் கிடைக்க, 1964 ஜூனில் ஹம்சா அங்கே குடிபெயர்ந்தது. சூலூர் இன்று விமானப்படையின் தளம். தேஜஸ் போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. ஆக, பெயர் கோவாவுக்குப் போயிற்று, இடம் வேறு படைக்குப் போயிற்று. இடையிலிருந்த மூன்று ஆண்டுகளைச் சொல்ல அங்கே வேலை பார்த்தவர்களின் பெட்டிகளே மிச்சம்.

சூலூருக்கு அதற்கும் முந்தைய கடற்படைப் பிறவி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படை அதை எச்.எம்.எஸ். வைரி என்ற பெயரில் நடத்தியது. தன் விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டும் வழக்கத்தை அவர்கள் இங்கே நம் மொழிகளிலேயே தொடர்ந்திருக்கிறார்கள்: கோவையில் கருடா, சூலூரில் வைரி, தாம்பரத்தில் வல்லூறு, கொச்சியில் கழுகு. இந்தியக் கடற்படை 1953-இல் கொச்சித் தளத்துக்குக் கருடா என்று பெயரிட்டதால், ‘கருடா’ என்று மட்டும் எழுதிய ஒரு காகிதம் கோவையைச் சொல்கிறதா கொச்சியைச் சொல்கிறதா என்பதை ஆண்டு தெரியாமல் தீர்மானிக்க முடியாது. வல்லூறு, வைரி என்ற சொற்களை ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தபடியே ஒரு மாலை வீணாயிற்று, வருத்தமில்லை.

பெரியப்பாவுடன் பணியாற்றிய ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார். சிறு வயது முதல் அவரை மாமா என்றே அழைத்து வருகிறேன். அக்டோபரில் அவரிடம் செய்த முதல் ஒலிப்பதிவு முழுவதும் தகரக் கூரையில் விழுந்த மழையின் சத்தமே. டிசம்பரில் வெயில் ஏறிய பிறகு முற்றத்தில் உட்கார்ந்து மறுபடி பேசினோம். “எந்த வருஷம்” என்று கேட்டால் அவர் தடுமாறினார். “இந்தப் படத்தில் இருப்பது என்ன விமானம்” என்று கேட்டால் நிறுத்தாமல் பேசினார். இரட்டை வால்தண்டு இருந்தால் வாம்பயர். வால் ஒற்றையாக இருந்து, புகைபோக்கி வால் முனையில் இல்லாமல், இறக்கை உடலோடு சேரும் இடத்தின் பின்னால் இரு பக்கமும் பிரிந்து வெளியேறினால் ஸீ ஹாக். கப்பலின் கொட்டகைக்குள் அடைப்பதற்காக இறக்கைகளை மேலே மடிக்கலாம் என்பதையும், இறங்கும்போது கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்க வாலுக்கு அடியில் கொக்கி இருக்கும் என்பதையும் கைகளாலேயே செய்து காட்டினார். புறப்படும்போது, “தம்பி, ஹம்சான்னு மட்டும் எழுதாதே. சூலூர் ஹம்சான்னு எழுது” என்றார். இடம் தெரிந்த 57 கோப்புகளுக்கும் இடமும் ஆண்டும் முதலில் வருமாறு பெயர் மாற்றிவிட்டேன். ஆண்டு உறுதியாகாதவற்றுக்கு ‘1961-64’ என்றே போட்டிருக்கிறேன்.

மலைக்காற்றின் ஈரம் தனிப் போராட்டம். பதினோரு படங்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் படத்தின் மேற்பூச்சே கரைந்து வந்துவிடும் என்பதால், ஒரு வாரம் உலர்ந்த இடத்தில் வைத்து, பிறகு வீட்டுக்கு வெளியே முகக்கவசம் அணிந்து மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தேன். தாளில் ஒட்டிக்கொண்ட இரண்டை, பல்லிடுக்கு நூலை அடியில் மெல்ல நகர்த்திப் பிரித்தேன். மூன்றாவதன் மூலை கிழிந்தது, அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது எல்லாம் தனித்தனி உறைகளில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இருக்கின்றன. பொட்டலங்களை மாதம் ஒருமுறை சூடேற்றி உலர்த்த வேண்டியிருக்கிறது. பின்புறக் குறிப்புகளை மென்மையான பென்சிலால் மட்டுமே எழுதுகிறேன்.

இயங்கும் தளம் என்பதால் சூலூருக்குப் போய்ப் படமெடுக்கும் எண்ணமில்லை. கோவாவில் டபோலிம் அருகிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஸீ ஹாக் ஒன்று நிற்கிறது. மே மாதம் மாமாவின் மகன் அங்கே போகிறார், இறக்கை மடிப்பை அருகிலிருந்து படமெடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். இடம் தெரியாமல் ஏழு படங்கள் மீதி. அவற்றில் ஒன்றில் பெரியப்பா வாத்து ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அதன் பின்புறத்திலும் ‘ஹம்சா’ என்றுதான் எழுதியிருக்கிறது.