கோயில் முத்திரையும் நாற்பது மணி நேரமும்

சமூகச் சேவையில் ஈடுபட்டுள்ள மாணவர்களுக்கென எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவு நடத்தும் மூன்று நாள் திறன் பயிற்சிக்கு, இரண்டாம் ஆண்டில் படிக்கும்போது நான் விண்ணப்பித்தேன். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த சுற்றில் அனுப்பிய இரண்டாவது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏழு வாரங்களில் நான் புதிதாக எந்தச் சேவையும் செய்துவிடவில்லை. ஏற்கெனவே செய்ததற்குச் சான்று திரட்டியது மட்டுமே அந்த ஏழு வார வேலை. தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்றுள்ள வேறு பிள்ளைகளும் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்ததால், நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். லயத்து வீட்டை விட்டு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்த பிறகும், எங்களுக்குக் கோயில் என்றால் தோட்டத்து மாரியம்மன் கோயில்தான். பல்கலைக்கழகம் புகுவதற்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிந்து வீட்டில் சும்மா இருந்த மாதங்களில், அந்தக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் இரண்டு மணி நேரம் மலாய்மொழியும் கணிதமும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிலிருந்து மூன்றாம் படிவப் பிள்ளைகள் வரை வந்தார்கள். ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்ட பிறகு, ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு வரும்வரை தம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று அறிந்துகொள்ளப் பெற்றோருக்கு எளிய வழி இல்லாமல் போனது. அதனால்தானோ என்னவோ, நான் பல்கலைக்கழகம் சென்ற பிறகும் வகுப்பை நிறுத்த யாரும் விடவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளும் விடுமுறைக் காலம் முழுவதும் வகுப்பு நடந்தது.

பயிற்சிக்கான அறிவிப்பு மாணவர் இணையத்தளத்தின் ஒரு மூலையில், இறுதி நாளுக்கு ஒன்பது நாள்கள் இருக்கும்போது வந்தது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 40 மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற அமைப்போ பள்ளியோ அதை உறுதிப்படுத்த வேண்டும். ஒரு பக்கத்தில் தன்விளக்கம் எழுத வேண்டும். விரிவுரையாளர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். நான் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னதும், கோயில் தலைவர் ஐயா தம் கைப்படத் தமிழில் அருமையான கடிதம் ஒன்று எழுதி, அதைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினார். ‘பல மாதங்களாக எங்கள் குழந்தைகளுக்கு அறிவுக்கண் திறந்து வருகிறார்’ என்று அதில் இருந்தது. பதிவு எண் இல்லை, முத்திரை இல்லை, மணிக்கணக்கும் இல்லை. பத்து நாள் கழித்து, ‘ஆவணங்கள் முழுமையாக இல்லை’ என்ற ஒரு வரிப் பதில் வந்தது.

அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முகப்பில் அமர்ந்திருந்த அலுவலர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த அமைப்பு?” என்று மரியாதையாகவே கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டதில் தவறில்லை என்று இன்று நினைக்கிறேன். ஆனால் ஒன்பது நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிகூட இணைக்காதது தவறுதான். பட்டணத்துப் பள்ளிகளில் சாரணர் போன்ற சீருடை இயக்கங்களில் வளர்ந்த மாணவர்களுக்கு அந்த மாதிரி மனப்பாடமாக இருந்தது, எங்களுக்கு இல்லை.

தோட்டத்து மக்கள் காகிதத்தைப் பாதுகாக்கத் தெரியாதவர்கள் அல்லர். பிறப்புப் பத்திரம் இல்லாமலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடும் அலைந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். எங்கள் பாட்டியின் பிஸ்கட் டின்னில், தோட்டத் தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக, மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பணம் கட்டிய ரசீதுகள் இன்றும் மஞ்சள் நூலால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. தாம் யார், தமக்கு என்ன உரிமை என்பதற்கான காகிதத்தை உயிராகக் காப்பவர்கள், தாம் பிறருக்குச் செய்ததற்குக் காகிதம் வைத்துக்கொள்வதை மட்டும் கூச்சமாக நினைக்கிறார்கள். வருகைப் பதிவேடு ஒன்று வைக்கலாம் என்று நான் சொன்னபோது, “பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு அம்மன் சாட்சி போதாதாம்மா?” என்றுதான் தலைவர் ஐயா கேட்டார்.

வழி காட்டியது என் அண்ணன். அவர் ஈப்போவில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை செய்கிறார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர், பல ஆண்டு அனுபவத்தை வைத்தே மலேசியத் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையைப் பெற்றார். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அந்தச் சான்றிதழை, வகுப்புக்குச் செல்லாமல், ஏற்கெனவே பெற்றிருக்கும் திறனுக்கான அங்கீகாரமாகவும் பெறலாம். அதற்காக அவர், செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம், வேலைச் சீட்டுகள் என்று தடித்த கோப்பு ஒன்றைத் தயாரித்திருந்தார். “நீ சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை, கோப்பு சொல்வதை நம்பினால் போதும்” என்று சொல்லி, அந்தக் கோப்பை என் மடியில் வைத்தார்.

அதன்படியே நானும் தொடங்கினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் ‘நாளை வகுப்பு உண்டு’ என்று பெற்றோர் புலனக் குழுவில் நான் அனுப்பிய செய்திகள் அப்படியே இருந்தன. ஊருக்கு வந்துபோன இரயில் பயணச்சீட்டுகள் கைப்பேசியில் இருந்தன. எதிர்பாராத பெரிய சான்று பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களில் கிடைத்தது. பள்ளியில் பழக்கியதுபோல், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் நாளையும் கிழமையையும் எழுதிவிட்டுத்தான் அவர்கள் கணக்கையே தொடங்குவார்கள். ஆறு பிள்ளைகளின் புத்தகங்களை வாங்கி, செய்திகளோடும் பயணச்சீட்டுகளோடும் ஒப்பிட்டு, 23 வகுப்புகளைக் கண்டெடுத்தேன். அவற்றுள் இரண்டுக்கு ஒரே ஒரு சான்றுதான் இருந்ததால் அவற்றைத் தள்ளிவிட்டேன். மீதம் 21 வகுப்புகள், 42 மணி நேரம். தள்ளிய இரண்டையும் சேர்த்திருக்கலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். சேர்த்திருந்தால் மற்ற இருபத்தொன்றையும் யாராவது சந்தேகித்திருப்பார்கள்.

அடுத்தது கோயிலின் பதிவு எண். 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் கோயில் நிர்வாகம் பதிவு பெற்றிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். சான்றிதழ் எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத் தேடலுக்குப் பிறகு, மண்டபத்துச் சுவரில் பழைய நாள்காட்டிகளுக்குப் பின்னால், சட்டம் போட்டு மாட்டப்பட்ட நிலையிலேயே அது கிடைத்தது. முத்திரை மட்டும் எப்போதுமே இருந்ததில்லை. பட்டணத்துக் கடையில் செய்யக் கொடுத்து, செயலாளர் அண்ணன் தம் கைக்காசில் வாங்கிவந்தார். கடிதத்தை நான் மலாய்மொழியில் தட்டச்சு செய்து, நாள்வாரியான அட்டவணையைப் பின்னிணைப்பாக வைத்தேன். தலைவர் ஐயா ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்ட பிறகே கையொப்பமிட்டார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஓர் உறுதிக் கடிதம் பெற்றேன். தன்விளக்கத்தை மூன்று முறை திருத்தினேன். முதல் வடிவத்தில் சேவையின் பெருமையைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தேன். கடைசி வடிவத்தில், எனக்கு என்ன தெரியவில்லை, எதைக் கற்க வருகிறேன் என்று எழுதினேன். விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு உடனே கையெழுத்திட்டார்.

பயிற்சியின் முதல் நாள் முழுவதும் முதலுதவி. பெரியவர் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில், ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு. அதற்கு முன் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க ஒருவரை ஏவ வேண்டும். ஏட்டில் இவ்வளவுதான். பொம்மையின் மீது இரண்டு நிமிடம் செய்து பார்த்தபோது முழங்கை நடுங்கியது. வேகம் பிடிபடாமல் திணறிய என்னிடம், தெரிந்த தாளம் ஒன்றை மனத்தில் ஓட்டும்படி பயிற்றுநர் சொன்னார். தீமிதிக்கு எங்கள் கோயிலில் அடிக்கும் உறுமி மேளத்தின் விரைந்த நடையை நினைத்துக்கொண்டேன். அழுத்தம் சரியாக விழுந்தது.

பாம்புக்கடியும் நச்சும்தான் எங்கள் ஊருக்கு நேரே பொருந்திய பாடங்கள். எலியைத் தேடிச் செம்பனைக் காட்டுக்குள் நாகம் வரும். கடிபட்ட இடத்தைக் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் இறுகக் கயிறு கட்டுவதும் நான் சிறுவயதிலிருந்து பார்த்த வைத்தியங்கள். மூன்றும் கேடு என்றும், கடிபட்ட கை கால்களை அசையாமல் வைத்து விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை என்றும் அன்றுதான் தெளிவாகக் கேட்டேன். களைக்கொல்லியைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது என்றாலும், மற்ற மருந்துகள் இருக்கவே செய்கின்றன. நஞ்சு குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்யக்கூடாது. புட்டியையும் அதில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குவதையும் அங்கேதான் அறிந்தேன்.

இரண்டாம் நாள் காலை குழந்தைகள் பாதுகாப்பு. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தையும், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் விளக்கினார்கள். கதவைச் சாத்திய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக அமர்ந்து பாடம் நடத்தக்கூடாது, பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் படத்தை வெளியிடக்கூடாது என்றபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பிள்ளைகளின் படங்களை முகநூலில் நான் தாராளமாகப் போட்டிருந்தேன். அன்றிரவே அனைத்தையும் நீக்கினேன்.

பிற்பகலில், கெர்த்தாஸ் கெர்ஜா என்று எல்லாரும் சொல்லும் செயல்திட்ட அறிக்கை எழுதும் பாடம். நோக்கத்தை அளக்கக்கூடிய வகையில் எழுத வேண்டும் என்றார்கள். ‘மாணவர்களை மேம்படுத்துதல்’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, ‘பதினைந்து மாணவர்கள் பன்னிரண்டு வாரத்தில் பின்னக் கணக்கில் நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டுதல்’ என்று எழுதவைத்தார்கள். மூன்றாம் நாள் நடந்த குழு நடத்தும் பயிற்சி சுமார்தான். விளையாட்டுகள் அதிகம், பொருள் குறைவு.

வேறு வாசல்களும் உண்டு என்பது அங்கு வந்திருந்தவர்களோடு பேசியபோது தெரிந்தது. உயர்கல்வி அமைச்சின்கீழ் 2012-இல் அமைக்கப்பட்ட யாயாசான் சுக்காரெலாவான் சிஸ்வா என்ற மாணவர் தொண்டூழிய அறவாரியத்தின் வழியாக வெளிநாட்டுச் சேவைக்குச் சென்று வந்த ஒருவர் இருந்தார். பொதுத் தற்காப்புப் படையின் மாணவர் பிரிவில் சேர்ந்திருந்த இருவர் அது மூன்றாண்டுக் கடப்பாடு என்று எச்சரித்தார்கள். 1982-இல் டாக்டர் தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையத்தில் பாடம் நடத்தும் மாணவி ஒருத்தி, அங்கே வகுப்பெடுத்தே மேடைக் கூச்சம் போனதாகச் சொன்னாள். பாடத்தோடு சேர்த்துச் சேவையையும் மதிப்பிடும் சூலாம் என்ற முறை 2019 முதல் இருப்பதால், உங்கள் பாடங்களில் எது அப்படி நடத்தப்படுகிறது என்று துறையில் கேட்டுப் பாருங்கள். அதற்குத் தனி விண்ணப்பமே வேண்டியிராது.

ஊர் திரும்பியதும் மண்டபத்தில் நீலநிற அட்டை போட்ட வருகைப் பதிவேடு வைத்தோம். சொல்லிக்கொடுப்பவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். செயலாளர் அண்ணன் மாதக் கடைசியில் முத்திரை குத்துவார். அந்த முத்திரை இப்போது திருநீற்றுத் தட்டுக்கு அருகே ஒரு டப்பாவில் இருக்கிறது. இந்த ஆண்டு எங்கள் தோட்டத்துத் தம்பி தங்கைகள் மூவர் தத்தம் பல்கலைக்கழகங்களில் இத்தகைய பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கக் கடிதம் கேட்டு வந்தார்கள். இருவருக்கு மலாய்மொழியில் எழுதிக்கொடுத்தேன். மூன்றாமவன் அறுபது மணி நேரம் என்று எழுதச் சொன்னான். பதிவேட்டில் இருபத்திரண்டுதான் இருந்தது. தலைவர் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, முத்திரையை டப்பாவில் போட்டு மூடினார். “அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடு, தம்பி” என்றார்.